மைனஸ் முப்பத்தேழு துண்டு

திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். முதலாளி எனக்குப் பழக்கம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்ச் 31-ம் தேதி ராத்திரி, கடையை அடைத்துவிட்டு வருஷ இருப்புக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி. ஈரோட்டுத் துண்டு, சிவப்புக் கரை. இருப்பு: மைனஸ் 37.

கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். மைனஸ் 37-தான்.

நாற்பது வருஷமாக அந்தக் கடையில் கணக்கு எழுதுகிறவர். துண்டு குறையும், கூடும், எலி கடிக்கும். எல்லாம் பார்த்திருக்கிறார். ஆனால் இல்லாத துண்டில் இன்னும் முப்பத்தேழு இல்லாமல் போவதை அவர் பார்த்ததில்லை. "முதலாளி, இது கணக்கில்ல, வேதாந்தம்" என்றார்.

மறுநாள் காலையில் சாஃப்ட்வேர் எழுதிய பையனைக் கூப்பிட்டார்கள். நல்ல பையன். அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான். துண்டு விற்கும்போது இருப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் 'முடியாது' என்று சொல்ல ஒரு வாசல் வைத்திருந்தான். விற்பனை முழுக்க அந்த வாசல் வழியாகத்தான் போனது. ஆறு மாதம் கழித்து, வாங்கிய இடத்துக்கே சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கு (நாங்கள் பி.காமில் 'கொள்முதல் திருப்பம்' என்று படித்தது) இன்னொரு பகுதி கேட்டார்கள். அதை எழுதும்போது வாசலைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, நேராக இருப்பு எண்ணிலேயே கை வைத்துக் கழித்துவிட்டான். இருந்தது 43 துண்டு. நாற்பதைத் திருப்பி அனுப்பினார்கள், மிச்சம் மூன்று. யாரோ அதே பில்லை இரண்டாம் முறை தட்டிவிட்டார்கள். மூன்றிலிருந்து இன்னொரு நாற்பது போனது. தடுக்க ஆளில்லை.

"ஏம்ப்பா, வாசல் வழியா போயிருக்கக் கூடாதா?"

"உள்ளுக்குள்ளதானே சார் இருக்கோம். நம்ம வீட்டுக்குள்ள நாமளே கதவைத் தட்டணுமா?" என்றான்.

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான். எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் போயிற்று. விசாரித்துப் பார்த்தால், உலகத்தின் பெரிய மூளைகள் பல இதே கேள்வியில் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதைதான் இந்த வாரம்.

*

முதலில் கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு. தெரிந்தவர்கள் ஒரு பாரா தாண்டிப் போகலாம்.

'க்ளாஸ்' என்று ஒன்று உண்டு. ஸ்கூல் க்ளாஸ் இல்லை. சில தகவல்களையும், அந்தத் தகவல்களைத் தொட உரிமையுள்ள வேலைகளையும் ஒரே கூரையின்கீழ் குடிவைப்பது. துண்டு என்ற க்ளாஸுக்குள் 'இருப்பு' என்கிற எண் இருக்கும். விற்பது, வாங்குவது, திருப்புவது என்ற வேலைகளும் இருக்கும். இந்த வேலைகளுக்கு மெத்தட் என்று பெயர். எண்ணை வெளியாள் யாரும் தொடக்கூடாது என்று 'ப்ரைவேட்' பூட்டு போடலாம். பார்க்கவேண்டுமென்றால் 'கெட்டர்' என்ற ஜன்னலில் கேட்கவேண்டும். மாற்றவேண்டுமென்றால் 'செட்டர்' என்ற ஜன்னலில் மனு போடவேண்டும். வெளியாளுக்கு இது சரி. யாரும் சண்டை போடவில்லை. சண்டை உள்ளே இருப்பவர்களுக்கு. விற்பனை மெத்தடும் திருப்ப மெத்தடும் அதே வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் ஜன்னலில் போய் நிற்கவேண்டுமா, இல்லை நேராக அலமாரியைத் திறக்கலாமா?

கதை நார்வேயில் ஆரம்பிக்கிறது. ஆஸ்லோவில் நார்வே கம்ப்யூட்டிங் சென்டர். ஓலே-யோஹான் டால், க்ரிஸ்டன் நிகார்ட் என்று இரண்டு பேர். உலகத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டருக்குள் நடத்திப் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. வரிசையில் நிற்கும் ஆட்கள், துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள், இந்த மாதிரி. ஒவ்வொரு கப்பலும் தன் சரக்கையும் தன் நடவடிக்கையையும் தானே சுமந்துகொண்டு போகட்டும் என்று நினைத்தார்கள். 1967-ல் வந்த 'சிமுலா 67' மொழியில் க்ளாஸ் பிறந்தது. முதலில் அதில் பூட்டே கிடையாது. எல்லாக் கப்பலின் சரக்கையும் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், எடுக்கலாம். பூட்டு பின்னால் வருகிற வருஷங்களில்தான் பொருத்தப்பட்டது. (இந்த இரண்டு பேருக்கும் 2001-ம் வருஷத்துக்கான ட்யூரிங் விருது கொடுத்தார்கள். 2002-ல் இரண்டு பேருமே, ஜூனில் ஒருவர், ஆகஸ்ட்டில் ஒருவர், போய்ச்சேர்ந்தார்கள்.)

பூட்டு எதற்கு என்று சரியாகச் சொன்னவர் டேவிட் பார்னஸ். 1972 டிசம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். அது திருட்டுக்குப் பயந்து போடுகிற பூட்டு இல்லை என்பதுதான் அதன் சாரம். நாளைக்கு எது மாறுமோ, அதை ஒளித்து வை. மாறும்போது ஒரு இடத்தில் மட்டும் மாற்றினால் போதும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த 'இவ்வளவுதானை' உலகம் உதாசீனம் செய்ததற்கு என்ன விலை கொடுத்தது தெரியுமா? ஒய்-டூ-கே!

ஞாபகம் இருக்கிறதா? வருஷத்தை நான்கு இலக்கத்தில் எழுத இடமில்லாமல், 1975 என்பதை 75 என்று சுருக்கி வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் '00' வரும், கம்ப்யூட்டர் அதை 1900 என்று நினைக்கும், பாங்க் வட்டி நூறு வருஷம் பின்னால் போகும் என்று பயம். இரண்டு இலக்கம் வைத்தது பெரிய தப்பில்லை. அன்றைக்கு மெமரி தங்க விலை. தப்பு வேறு இடத்தில். கோபால் என்று நம் பையன்கள் செல்லமாகக் கூப்பிட்ட கோபோல் மொழியில், ஒரு ப்ரோக்ராமின் எல்லாத் தகவல்களும் நடுக்கூடத்தில் கொட்டிக் கிடக்கும். அந்த ப்ரோக்ராமின் எந்த மூலையில் இருக்கும் வரியும் தேதியை நேராகத் தொடலாம். தொட்டன. ஆயிரக்கணக்கான இடங்களில் தொட்டன. 'இன்றைக்கு என்ன வருஷம்?' என்று எல்லோரும் ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருந்தால், அந்த ஒரு ஆளை மட்டும் திருத்தியிருக்கலாம். அப்படி இல்லாததால் ஒவ்வொரு வரியாக ஆள் வைத்துத் தேடவேண்டியதாயிற்று. அந்தத் தேடுகிற ஆட்கள் நம்மவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தில்லைநகரிலும் கன்டோன்மென்ட்டிலும் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகள் முளைத்ததும், பி.எஸ்ஸி., பி.காம் படித்தவர்கள்கூட மூன்று மாதத்தில் கோபோல் கற்றுக்கொண்டு விசா வாங்கியதும் இந்தப் புண்ணியத்தில்தான். அந்த வகையில் நேரடியாகக் கை வைக்கும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் நன்றி சொல்லவேண்டும். எத்தனை தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று!

*

எழுபதுகளில் அமெரிக்காவின் ஸெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பர்க் எல்லாம் சேர்ந்து 'ஸ்மால்டாக்' என்ற மொழியைச் செய்தார்கள். கே கல்லூரியில் உயிரியல் படித்தவர். அவருக்கு ஆப்ஜெக்ட் என்றால் உடம்பில் உள்ள செல். சுற்றிலும் ஒரு சவ்வு, உள்ளே என்ன நடக்கிறது என்று பக்கத்துச் செல்லுக்குத் தெரியாது, சேதி மட்டும் அனுப்பலாம். ஸ்மால்டாக்கில் ஒரு ஆப்ஜெக்டின் உள்விவகாரத்தை அதுவேதான் தொடமுடியும். அதன் சொந்த அண்ணன் தம்பிகூட முடியாது.

டென்மார்க்காரர் பியார்ன ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979-ல் பெல் லாபரட்டரீஸில் ஆரம்பித்து, 1983-ல் 'சி ப்ளஸ் ப்ளஸ்' என்று பெயர் சூட்டிய மொழியில் சட்டம் கொஞ்சம் வேறு. அங்கே ப்ரைவேட் என்றால் அந்த க்ளாஸுக்கு ப்ரைவேட். ஒரே க்ளாஸைச் சேர்ந்த ஒரு ஆப்ஜெக்ட் இன்னொன்றின் பெட்டியைத் தாராளமாகத் திறக்கலாம். கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995-ல் வந்த ஜாவாவும் இதே வழக்கம்தான்.

இப்போது நம் பையனின் கேள்வி. வீட்டுக்குள் கதவைத் தட்டணுமா?

1986-ல் டேவிட் உங்கர், ராண்டல் ஸ்மித் இருவரும் வடிவமைத்த 'செல்ஃப்' மொழி ஒரு எல்லை. தட்டித்தான் ஆகவேண்டும். அந்த மொழியில் நேராகத் தொட வழியே இல்லை. தன் சொந்த வயதைத் தெரிந்துகொள்ளக்கூட ஒரு ஆப்ஜெக்ட் தனக்குத்தானே சேதி அனுப்பிக் கேட்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எப்போதும் வாசல் வழியாகப் போனால் வேகம் குறையுமே என்று அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த வித்தைகள்தான், 1999-ல் ஜாவாவை வேகமாக்கிய 'ஹாட்ஸ்பாட்' எஞ்சினுக்கு அஸ்திவாரம். ஆக, வாசல் வழியாகப் போனால் நேரமாகும் என்ற பழைய சாக்கு பெரும்பாலும் செத்துவிட்டது.

1989-ல் ஆலன் வர்ஃப்ஸ்-ப்ராக், ப்ரையன் வில்கர்சன் என்ற இருவர் வேறு காரணம் சொன்னார்கள். ஒரு க்ளாஸுக்கு வாரிசு வரும். வாரிசு வந்து, 'அப்பா இருப்பை எண்ணாக வைத்திருந்தார், நான் குடோனைக் கேட்டுச் சொல்லப்போகிறேன்' என்று ஏற்பாட்டை மாற்ற விரும்பலாம். அப்பா வாசல் வழியாகவே நடந்திருந்தால் மகன் வாசலை மட்டும் மாற்றிக்கொள்வான். அப்பா எல்லா இடத்திலும் நேராகக் கை வைத்திருந்தால், மகன் வீட்டையே இடிக்கவேண்டும்.

பெர்ட்ராண்ட் மேயர் என்ற பிரெஞ்சுக்காரர் 1988-ல் ஒரு தடிப் புத்தகம் எழுதினார். அதில் வருகிற உதாரணம் என் மாதிரி வணிகவியல் ஆசாமிக்கு அல்வா. பாங்க் கணக்கு. பாக்கித் தொகையை ஒரு எண்ணாக எழுதி வைக்கலாம். அல்லது எழுதாமலே, கேட்கும்போதெல்லாம் வரவையும் பற்றையும் கூட்டிக் கழித்துச் சொல்லலாம். கேட்கிறவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவே கூடாது என்றார் மேயர்.

எழுதியும் வைத்து, கூட்டியும் பார்த்தால்? இரண்டும் ஒத்துப்போகாத நாள் ஒன்று வரும். அப்போது எது நிஜம்?

*

இந்தக் கேள்விக்குக் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் ஒரு பழைய கதை இருக்கிறது.

ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு பிராகாரம். 156 ஏக்கர். வெளிப் பிராகாரங்களில் வீடு, கடை, சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் உண்டு. வீதியில் குடியிருப்பவரும் ஒரு கணக்கில் கோயிலுக்குள்தான் இருக்கிறார். உள்ளே உள்ளே போகப் போக உரிமை குறைந்துகொண்டே வரும். நடுவில் பள்ளிகொண்ட பெரிய பெருமாள். மூலவர். சுதையால் ஆன திருமேனி, தண்ணீர் ஆகாது. அதனால் அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பு மட்டும்தான். வாழ்நாள் முழுக்கக் கருவறையில் கைங்கரியம் செய்கிற அர்ச்சகரும் அவர்மேல் ஒரு குடம் தீர்த்தத்தை ஊற்ற முடியாது. எல்லாத் திருமஞ்சனமும் உற்சவர் நம்பெருமாளுக்கு. வீதி வலம் வருவது, ஊஞ்சலாடுவது, வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபத வாசல் வழியாக வருவது எல்லாம் அவர்தான். அர்ச்சகரைவிட உள்ளாள் யார்? அவருக்கே இந்தக் கட்டு.

1323-ல் டெல்லிப் படை வந்தபோது இந்த ஏற்பாடு கோயிலைக் காப்பாற்றியது. மூலவரை மறைத்துக் கல்சுவர் எழுப்பிவிட்டு, உற்சவரை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தெற்கே போனார் என்பது கோயில் வரலாறு. நகர முடியாதவர் சுவருக்குப் பின்னால், நகர முடிந்தவர் ஊர் ஊராக. திரும்பி வந்தது 1371-ல், விஜயநகரத்துக் கோபண்ணா காலத்தில். நாற்பத்தெட்டு வருஷம்! வந்து பார்த்தால் நடுவில் வேறு ஒரு உற்சவரைச் செய்து பூஜை நடந்துகொண்டிருக்கிறது. எது அசல்? பழைய ஆட்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். கடைசியில் கண் தெரியாத ஒரு வயதான சலவைத் தொழிலாளி. ஈரங்கொல்லி என்பார்கள். பெருமாளின் ஈர ஆடைத் தீர்த்தத்தை அந்தக் காலத்தில் பிரசாதமாக அருந்தியவர். இரண்டு திருமேனிக்கும் திருமஞ்சனம் செய்து இரண்டு தீர்த்தத்தையும் கொடுத்தார்கள். ருசி பார்த்து, "இவரே நம்பெருமாள்" என்றார். அந்தப் பெயரே அன்றிலிருந்து நிலைத்ததாகச் சொல்வார்கள்.

ஒரே தகவலுக்கு இரண்டு பிரதி இருந்தால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு நான் பாடம் நடத்தினால் (யாரும் கூப்பிடமாட்டார்கள்) இதில்தான் ஆரம்பிப்பேன். கம்ப்யூட்டருக்குள் ஈரங்கொல்லி கிடையாது.

சாவிக் கதை இன்னும் பழையது. ராமானுஜர் ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது கோயில் சாவி பெரிய கோயில் நம்பி கையில் இருந்தது. பரம்பரை உரிமை. அவர் நினைத்தால் எந்த அறையையும் திறக்கலாம், எதையும் எடுக்கலாம், யாரையும் கேட்கவேண்டியதில்லை. நம்பி கெட்டவர் இல்லை. உள்ளே இருக்கிறோம், நம்முடையதுதானே என்ற நினைப்பு, அவ்வளவுதான். சீர்திருத்தம் செய்ய நினைத்த ராமானுஜருக்கு இது பெரிய முட்டுக்கட்டை. கூரத்தாழ்வானை அனுப்பினார். நம்பியின் தாயார் காலமான பதினோராம் நாள் காரியத்தில் ஆழ்வான் போய் உட்கார்ந்து, 'திருப்தியா?' என்று கேட்கவேண்டிய நேரத்தில் தட்சணையாகச் சாவியைக் கேட்டார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. நம்பி கொடுத்துவிட்டார். பிற்பாடு திருவரங்கத்தமுதனார் என்ற பெயரில் ராமானுஜர்மேல் நூற்றந்தாதி பாடியவரும் அவரே.

சாவி கைக்கு வந்ததும் ராமானுஜர் அதைத் தன் இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை. எனக்கு இதில் பிடித்த இடம் இது. கோயில் பணியாளர்களைக் கொத்து கொத்தாகப் பிரித்தார். பூ கட்டுகிறவர் யார், தீர்த்தம் கொண்டுவருகிறவர் யார், பண்டாரத்தைப் பார்க்கிறவர் யார் என்று வகுத்தார். கோயிலொழுகு என்கிற கோயில் குறிப்பேடு இந்த ஏற்பாட்டை விவரமாகச் சொல்கிறது. உள்ளாளாக இருப்பது மட்டும் தகுதி இல்லை என்று ஆயிற்று.

ஸ்ரீரங்கத்திலேயே வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த ஒருவரும் இந்தக் கதையில் வருகிறார். எஸ்.ரங்கராஜன். உங்களுக்குச் சுஜாதா. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் அவர் மேற்பார்வையில் உருவானது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதன் கன்ட்ரோல் யூனிட்டில் சில பட்டன்கள் உண்டு. அதிகாரி 'பாலட்' பட்டனை அழுத்தினால் ஒரே ஒரு ஓட்டுக்கு அனுமதி. 'டோட்டல்' அழுத்தினால் இதுவரை மொத்தம் எத்தனை ஓட்டு என்று சொல்லும், யாருக்கு எத்தனை என்று சொல்லாது. 'ரிசல்ட்' பட்டனை அரக்கு முத்திரைக்குள் மூடி வைத்திருப்பார்கள். 'க்ளோஸ்' அழுத்தி வாக்குப்பதிவை முடித்தால்தான் அது வாய் திறக்கும். சாவடிக்குள் உட்கார்ந்திருக்கிற தலைமை அதிகாரிதான் அந்த மெஷினுக்கு எஜமானர். ஆனாலும் மத்தியானம் மூன்று மணிக்கு 'நம்ம ஆளுக்கு எவ்வளவு?' என்று எட்டிப் பார்க்க அவருக்கு வழி கிடையாது. கெட்டர் என்றால் சும்மா எண்ணை எடுத்து நீட்டுவது இல்லை, எப்போது சொல்லலாம், எதைச் சொல்லலாம் என்று தெரிந்து சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்க்கவில்லை. 1982-ல் கேரளத்துப் பரவூரில் ஐம்பது சாவடிகளில் முதலில் பரிட்சித்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. சட்டத்தைத் திருத்தி, 2001-ல் தமிழ்நாட்டுச் சட்டசபைத் தேர்தல் முழுக்க அதில் நடந்தது.

*

இதை எல்லாம் படித்துவிட்டு, 'சரி, இனிமேல் எல்லாவற்றுக்கும் வாசல் வைப்போம்' என்று கிளம்பிவிடாதீர்கள். கிளம்பினவர்கள் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாவாக்காரர்கள் தொண்ணூறுகளில் ஒவ்வொரு தகவலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுத ஆரம்பித்தார்கள். ப்ரைவேட் என்று பூட்டு, அதற்குப் பக்கத்திலேயே யார் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி சாவி. 2003-ல் ஆலன் ஹோலப் என்பவருக்குப் பொறுக்கவில்லை. கெட்டரும் செட்டரும் தீய சக்திகள் என்கிற அளவுக்குத் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். எதையும் சோதிக்காத, எதையும் தடுக்காத வாசல் வாசலா, சுவரில் ஓட்டையா? அவர் கேட்டது நியாயம். இருப்பு எவ்வளவு என்று வாங்கிப் போய், வெளியே கழித்து, திரும்பக் கொண்டுவந்து வைப்பதைவிட, 'நாற்பது திருப்பு' என்று சொன்னால் போதாதா?

வாசலே ஆபத்தாகிற இடமும் உண்டு. செட்டருக்குள் இருந்துகொண்டு அதே செட்டரைக் கூப்பிட்டால், அது தன்னையே கூப்பிடும், அது மறுபடி தன்னையே. மெமரி தீர்ந்து ப்ரோக்ராம் படுத்துவிடும். ஆக யாராவது ஒருவர், எங்கேயாவது ஓர் இடத்தில், நேராகக் கை வைத்தே ஆகவேண்டும். தைலக்காப்பு சாத்த அர்ச்சகர் மூலவரைத் தொட்டுத்தானே ஆகவேண்டும்? இன்னொன்று, ஆப்ஜெக்ட் பிறந்துகொண்டிருக்கும் நேரம். வாரிசு மாற்றி எழுதிய வாசலை அப்பா பாதியிலேயே கூப்பிட்டால், வாரிசின் பாகம் இன்னும் கட்டி முடிக்கப்பட்டிருக்காது. கூரை போடாத வீட்டில் கிரகப்பிரவேசம். ஜாஷுவா ப்ளாக் 2001-ல் எழுதிய புத்தகத்தில் இதைத் தெளிவாக எச்சரித்திருக்கிறார்.

கென்ட் பெக் ஸ்மால்டாக் பற்றி எழுதிய புத்தகத்தில் இரண்டு வழியையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டுக்கும் மரியாதை கொடுத்தார். நேராகத் தொட்டால் படிக்கத் தெளிவு, வாசல் வழியாகப் போனால் மாற்ற வசதி. மார்ட்டின் ஃபௌலர் 1999-ல், இதில் இரண்டு கட்சி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, முதலில் நேராகத் தொடு, அது இடைஞ்சலாகும்போது வாசல் வழிக்கு மாறிக்கொள் என்ற மாதிரி சொன்னார். மாறுவதற்குப் படிப்படியாக வழியும் எழுதிக் கொடுத்தார். பெரிய மனுஷர்.

எனக்குக் கேட்டால், ஃபௌலர் சொன்னது நான்கு பேர் ஒழுங்காகப் பேசிக்கொள்கிற இடத்துக்குச் சரி. தெப்பக்குளம் கடை மாதிரி, இன்றைக்கு ஒரு பையன் எழுதி, ஆறு மாதம் கழித்து அவனே மறந்துபோய் வந்து எழுதுகிற இடத்துக்கு நான் ராமானுஜர் கட்சி. 'பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது' என்கிற மாதிரி ஒரு விதி அந்த எண்ணோடு ஒட்டியிருந்தால், உள்ளாளும் வாசல் வழியாகத்தான் வரவேண்டும். விதியே இல்லாத வெறும் எண் என்றால் எப்படியோ எடுத்துக்கொள்ளட்டும்.

இதில் கம்ப்யூட்டர்காரர்களைவிட நாங்கள் கொஞ்சம் முந்திக்கொண்டோம் என்று பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்ற பாதிரியார் இரட்டைப் பதிவு முறையை அச்சில் போட்டார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் பி.காம் முதல் வருஷத்தில் படிக்கும் 'எடுப்புகள் கணக்கு'. கடை வேறு, முதலாளி வேறு. முதலாளியே ஆனாலும், தன் கல்லாவிலிருந்து பத்து ரூபாய் எடுத்தால் எழுதிவிட்டு எடுக்கவேண்டும். பணமில்லாமல் சரக்காக எடுத்தாலும் அப்படியே. பரீட்சையில் இரண்டு மார்க்.

கடைக்கு வருவோம். பையன் திருப்பத்தையும் அதே வாசல் வழியாகத் திருப்பிவிட்டான். மாற்றியது மொத்தம் இரண்டே வரி. இரட்டைப் பில்லை ரத்து செய்ததும் திரை 'இருப்பு 3' என்று காட்டியது. கணக்குப்பிள்ளைக்குத் திருப்தி இல்லை. "எண்ணிப் பார்த்துடுவோம்" என்று ஏணி போட்டு ஏறினார். ரேக்கில் ஒரு துண்டுதான் இருந்தது.

"தம்பி, இன்னும் ரெண்டு குறையுதே?"

பையன் மறுபடி கோடைத் திறந்து வியர்க்க விறுவிறுக்க வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தான். கணக்குப்பிள்ளை திரையைப் பார்க்கவில்லை. ஏணி மேலிருந்தபடியே முதலாளியின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கரை.

"இன்னொண்ணு?" என்றார்.

"மச்சான் சபரிமலைக்குப் போறான்னு... நம்ம கடைதானேய்யா" என்றார் முதலாளி.